பாரீஸ் கோட்டுகளுக்கு ஆள் பிடித்த அக்கா

எதிர்வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டாள். கொடியைத்தான் பார்ப்பாள். அதில் எந்தத் துணி நேற்றும் தொங்கியது, எது போன மாதமும் தொங்கியது என்று அவளுக்குத் தெரியும். பிறகுதான் "இன்னாடி, சாப்ட்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை, கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியின் மூடியில் இருக்கும்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுவதும் அவளை அக்கா என்றே கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றார்கள். மில்லில் துணி மடித்துக் கட்டும் பிரிவில் அவளுக்கு வேலை. காலைச் சங்குக்குப் போய் மூன்று மணிச் சங்குக்குத் திரும்புவாள். நாள் முழுக்கத் துணியோடு மாரடித்துவிட்டு வருகிறவள் வீட்டுக்கு வந்தபிறகாவது துணியை மறப்பாள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அப்போதுதான் அவளுடைய சொந்த வேலை ஆரம்பமாகும்.

அந்த வேலைக்குப் பெயர் கிடையாது. ஊரில் கல்யாணத் தரகர் உண்டு, மாட்டுத் தரகர் உண்டு. இவள் துணிக்குத் தரகு, கமிஷன் மட்டும் கிடையாது. யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அதில் உள்ளதில் பாதி தப்பான வீட்டில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். ஒரு சட்டையை எடுத்து, ஓரத்தை விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "இதுக்கு ஆள் இருக்கு" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டால் அந்தச் சட்டை அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கினால் அதிகம்.

ஏழைக்குக் கொடு, புண்ணியம் கிடைக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பேச்சே அவளுக்குப் பிடிக்காது. "புண்ணியமாவது கிண்ணியமாவது. அளவு சரியா இருக்குதா, அதான் கேள்வி" என்பாள். பிச்சையாக ஒரு துணியையும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆளைப் பார்த்து, தோளைப் பார்த்து, அவர் செய்யும் வேலையைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வாங்கிக்கொண்டவர்கள் கூச்சப்படாததற்கு அதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். கல்யாணத்தின்போது தைத்த ஜாக்கெட்டுகள் ஒரு டஜனை வைத்துக்கொண்டு, இளைத்தால் போட்டுக்கொள்வேன் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒருநாள் அவர் வீட்டுக் கூடத்தில் அந்த ஜாக்கெட்டுகளை வரிசையாகப் பரப்பினாள். "டீச்சரம்மா, நீங்க எப்ப வேணா எளச்சிக்குங்க, அது உங்க இஷ்டம். இதுங்க இன்னா பாவம் பண்ணுச்சு, உங்களுக்காகப் பட்டினி கெடக்க?" என்று கேட்டாள். டீச்சருக்குக் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்து, கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுவாரம் அத்தனை ஜாக்கெட்டும் டீச்சர் பயிற்சிக்குப் போகிற ஒரு பெண்ணின் தோளில் ஒட்டவைத்ததுபோல் பொருந்தி உட்கார்ந்திருந்தன. அதைப் பார்க்க டீச்சரையே அழைத்துக்கொண்டு போனாள். கொடுத்தவரைக் கூட்டிப்போய்க் காட்டாவிட்டால் அக்காவுக்குக் காரியம் முடிந்ததாகவே தோன்றாது.

முனை வீட்டுக் கிழவரின் வேட்டி கதை இதைவிடப் பெரிது. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை அல்லவா. தீர்க்காயுசாக இருக்கிறவர் கட்டி நைந்த துணியில்தான் சுற்றுவார்கள். கிழவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய நைந்த வேட்டிக்கு அக்கா அடிபோட்டபோது அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "இன்னும் ரெண்டு வருசம் வரும்டி இது!" என்று கத்தினார். "நீங்க இன்னும் இருவது வருசம் வருவீங்க, அதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள் அக்கா. கிழவரின் கை அப்படியே இறங்கிவிட்டது. அந்த வேட்டியை நாலாகக் கிழித்து, கொதிக்கவைத்து அலசி, பிரசவ ஆஸ்பத்திரியில் நாலு பிள்ளைகளைச் சுற்றினார்கள். அதற்குப் பிறகு கிழவரே வேட்டி நைவதற்குக் காத்திராமல் கூப்பிட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்துவிட்டு, ஆணா பெண்ணா, எத்தனை பவுண்டு என்று நச்சரிப்பார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. கூட இருந்தவர்கள் பட்டது வேறு. போகிப் பண்டிகை விடியற்காலையில் ஒரு கழியோடு தெருவில் இறங்கி, எரிகிற நெருப்பிலிருந்து துணிகளை இழுத்துப்போடுவாள். நல்ல நாள் அதுவுமாகச் சண்டை நடக்கும். ஒருமுறை தன் புருஷனின் ஒரே நல்ல சட்டையை, அவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டிய அன்றைக்கே, வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த மனிதர் சாது. துண்டைப் போர்த்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். பையனுக்கு வேலை கிடைத்தது, ஆனால் அவர் அவளோடு பத்து நாள் பேசவில்லை.

அவளுக்கென்று இருந்தது நாலு புடவை. மில்லுக்கு இரண்டு, வீட்டுக்கு ஒன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று. தீபாவளிக்குப் புதுசு ஒன்று உள்ளே வந்தால், அன்று காலையே பழசு ஒன்று வெளியே போய்விடும். "நாலுக்கு மேல போனா துணிக்கு நான் வேலக்காரி ஆயிடுவேன்" என்பாள். இப்படி இருக்கிறவள் மனதில் ஏதோ பெரிய துக்கம் இருக்கவேண்டும், பெட்டியின் அடியில் யாருடைய துணியையாவது ஒளித்துவைத்திருப்பாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் அவள் இல்லாத நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கதையும் இல்லை. மூன்று புடவையும் ஒரு சீப்பும் இருந்தன.

இப்பேர்ப்பட்டவள் எதிர்வீட்டில் இருக்க, எங்கள் வீட்டில் பதினாலு பாரீஸ் கோட்டு இருந்தது.

அம்மாவின் அண்ணன் பாரீசில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர், பென்ஷனுக்குப் பிறகு அங்கேயே ஆபீஸ் வேலை என்று சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் வருவார். வரும்போது சூட்கேஸ் நிறையக் கம்பளிக் கோட்டு கொண்டுவருவார். முழங்காலுக்குக் கீழே தொங்கும், கல்லாகக் கனக்கும் கோட்டுகள். அதை அவர் மாந்தோ என்பார், கேட்டுக் கேட்டு நாங்களும் மாந்தோ என்றோம். புதுச்சேரி வெயிலில் பனியன் போடுவதே பாரம். இதில் மாந்தோவை யார் போடுவது? ஆனாலும் அம்மா ஒவ்வொன்றையும் பொக்கிஷம்போல வாங்கி, வீட்டில் இருந்த ஒரே பெரிய மர அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு மாட்டிவைப்பாள். மாமா அடுத்தமுறை வந்ததும் அலமாரியைத் திறந்து பார்ப்பார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "பத்திரமா வெச்சிருக்க" என்பார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாங்கள் இருந்த வீடு மாமாவின் வீடு. தாத்தா மகன் பெயருக்கு எழுதிவிட்டுப் போயிருந்தார். அப்பா பஸ்ஸில் கண்டக்டர், வாடகை கொடுத்துத் தனியாக இருக்க அந்தச் சம்பளம் காணாது. மாமா வாயைத் திறந்து ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அவர் கொடுத்ததை நாம் மதிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றினால் போதும், தெருவில் நிற்போம் என்று அம்மா உறுதியாக நம்பினாள். அதனால் மாந்தோக்கள் அலமாரியில் ராஜாவாக இருந்தன. பி.யு.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னுடைய தாவணிகள் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பையில் கிடந்தன. எனக்கு அந்தக் கோட்டுகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அக்கா வருஷக்கணக்கில் அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மற்ற வீடுகளில் செல்லுபடியான எதுவும் அம்மாவிடம் செல்லவில்லை. அவளுக்கே ஒரு தடங்கல் இருந்தது. கம்பளிக்கு இந்த ஊரில் யார் ஆள்? "ஆள் இல்லாத துணியை நான் கேக்க மாட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் வருத்தமாகச் சொன்னாள். அவள் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், சுளுக்கிய கையோடு இருந்த யாருக்கோ ஐஸ் வாங்க உப்பளம் பக்கத்திலிருந்த ஐஸ் கம்பெனிக்குப் போனாள். அரியாங்குப்பத்திலிருந்து வரும் மீன் வண்டிகளுக்கு அங்கேதான் ஐஸ் போடுவார்கள். பாளங்களை அடுக்கிவைக்கும் குளிர் அறையிலிருந்து நாலு பேர் வெளியே வந்ததைப் பார்த்தாளாம். உடம்பில் கோணிச்சாக்கு, அதுவும் சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு. வெளியே வெயில் கொளுத்துகிறது, அவர்களுக்குப் பல் அடித்துக்கொள்கிறது. அக்கா ஐஸை வாங்கினாளோ இல்லையோ, நேரே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

அன்றைக்கென்று அம்மா மொட்டை மாடியில் மாந்தோக்களை வெயிலில் போட்டிருந்தாள். இரண்டில் பூச்சி அரித்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு எழவு வீட்டில் இருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"கெடச்சிட்டாங்க! ஆள் கெடச்சிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே அக்கா படியேறினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா தலையை ஆட்டினாள். "வேணாங்க்கா. எங்கண்ணன் கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்? வூட்ட காலி பண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா எங்க போவேன் புள்ளய வெச்சிக்கிட்டு?"

"இப்ப மட்டும் இன்னா பதில் சொல்லப் போற? பூச்சிக்குக் குடுத்துட்டேன்னா?"

அம்மா மடியிலிருந்த மாந்தோவின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"குடுக்க வேணாம். எரவல் குடு" என்றாள் அக்கா. "உங்கண்ணன்தான் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி காயிதம் போடறாரே. காயிதம் வந்த அன்னிக்கே பதினாலையும் வாங்கியாந்து, தொவச்சி, மாட்டி வெச்சிடறேன். ஒண்ணு கொறஞ்சாலும் என்ன வந்து கேளு."

முதலில் ஓட்டை விழுந்த இரண்டு மட்டும் போயின. ஒரு வாரம் கழித்து, வழக்கம்போல் அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினாள். அம்மா திரும்பி வந்து அலமாரியைத் திறந்து மற்ற மாந்தோக்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "கையெடுத்துக் கும்புடறாங்கடி. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள். மறுநாள் மூன்று போயின. ஆடி பிறப்பதற்குள் குளிர் அறையில் மாறி மாறி வேலைசெய்யும் பதினாலு பேருக்கும் பதினாலும் போய்விட்டன. என் தாவணிகள் அலமாரிக்குள் ஹேங்கரில் தொங்கின. அலமாரிக் கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் மாமா காகிதம் போடவில்லை. மலிவாக டிக்கெட் கிடைத்ததாம், கிளம்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. அம்மா கையில் மாவோடு வெளியே வந்து, அப்படியே நின்றுவிட்டாள். மாமா செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், அலமாரியைத் திறந்தார். உள்ளே ஊதா, பச்சை, மஞ்சள் என்று என் தாவணிகள் தொங்கின.

"மாந்தோல்லாம் எங்க?" என்றார்.

ரிக்‌ஷாவைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டிலிருந்து அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். பாரீஸ்காரர் என்பதால் ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் ஆரம்பித்தாள்.

"முசே, நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. கேக்கறதுன்னா என்னக் கேளுங்க. ஆனா எங்கூட வந்து பாத்துட்டு அப்பறம் கேளுங்க."

மாமா இவள் யார் என்பதுபோல் அம்மாவைப் பார்த்தார். அக்கா அதற்குள் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் நடந்தார். அவருக்குப் பின்னால் மாவுக் கையோடு அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான். இன்றோடு வீடு போயிற்று என்று அம்மா நினைப்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ஐஸ் கம்பெனியில் மீன் வண்டிகள் வரிசையாக நின்றன. குளிர் அறைக் கதவு திறந்து புகைபோல ஆவி வந்தது. அதிலிருந்து ஆட்கள் பாளங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாம்பல் நிறம், கறுப்பு, பழுப்பு என்று முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாரீஸ் மாந்தோக்கள், கீழே லுங்கி, வெறுங்கால்.

மாமா கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு நேராகச் சாம்பல் நிற மாந்தோ போட்டிருந்த ஆளிடம் போனார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் அந்த ஆளின் காலரை நிமிர்த்திக் காதுவரை தூக்கிவிட்டார். மேல் பொத்தானைப் போட்டார். வழியில் படிக்க வாங்கிக் கையிலேயே வைத்திருந்த செய்தித்தாளை விரித்து நாலாக மடித்து, பொத்தானுக்கு உள்ளே அந்த ஆளின் நெஞ்சில் சொருகினார்.

"பேப்பர் வெச்சிக்கணும். நெஞ்சுல குளுரு பட்டா இருமல் புடிச்சிக்கும். கைக்கு சாக்கு சுத்தாத, ஈரம் உள்ள நிக்கும். துணி சுத்து" என்றார்.

"உங்களுக்கு எப்டிங்க தெரியும்?" என்று அந்த ஆள் கேட்டான்.

"எனக்கும் இதான்பா வேல" என்றார் மாமா.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஆபீசும் இல்ல ஒண்ணும் இல்ல. கறி கெடங்கு. உள்ள பூரா பனி. கூட வேல செய்யறவங்க கழிச்சிப் போடற மாந்தோ இதெல்லாம். புதுசா வாங்கியாரத்துக்கு எனக்கு ஏது? வெறுங்கையோட உன் மூஞ்சில எப்டி முழிக்கிறது, அதான் இதையே தூக்கியாந்தேன். ஒவ்வொரு வாட்டியும் நீ மாட்டி வெச்சிருக்கறதப் பாக்கறப்ப, தங்கச்சி இன்னும் நம்ம பெருசா நெனச்சிக்கிட்டு இருக்கான்னு தோணும்."

அப்போதுதான் அம்மா, அத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டாள். "அண்ணா, வூட்ட காலி பண்ணச் சொல்லிடுவியா?"

"எந்த வூட்ட?"

"உன் வூட்ட. நாங்க இருக்கற வூட்ட."

மாமா கவிழ்த்துவைத்திருந்த ஒரு தகரத் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "இத நெனச்சிக்கிட்டா இத்தன வருசம் இருந்த?" என்றார். "அது உனக்கும் வூடுதாம்மா. அப்பா எனக்கு மட்டும் எழுதனது அப்பா பண்ண தப்பு. நான் திரும்பிப் போறதுக்குள்ள பாதிய உம் பேருக்கு எழுதிட்டுத்தான் போவேன்."

"கேட்டுச்சா பொண்ணு?" என்று அக்கா அம்மாவைப் பார்த்துக் கம்பெனியே அதிரக் கத்தினாள். "சாட்சிக்குப் பதினாலு பேர் நிக்கறாங்க. எல்லாரும் அவரு மாந்தோவுலயே!"

மீன் வண்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மாமா சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். அம்மா காய்ந்துபோன மாவுக் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள். நான் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. அதன் நடுவில் அக்கா மட்டும் ஒருவனுடைய மாந்தோவின் கையைப் பிடித்திழுத்து, நீளம் அதிகம், இரண்டு விரல்கடை மடித்துத் தைக்கவேண்டும் என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

சொன்னதுபோல் மாமா அந்த மாதமே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ப் பாதி வீட்டை எழுதிக்கொடுத்தார். ஆனால் அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய்ச் சுத்தியல் கேட்டாள். அண்ணன் வீட்டுச் சுவர் என்று, குடிவந்த நாளிலிருந்து அவள் அதில் ஓர் ஆணி அடித்ததில்லை. சாமி படத்தைக்கூடத் தரையில்தான் சாய்த்து வைத்திருந்தாள்.

அக்கா சுத்தியலைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகிறவளா? கூடவே வந்து ஆணியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பூப்போலத் தட்டினாள். ஆணி வழுக்கியது.

"இன்னாத்துக்கு பயப்படற? ஓங்கி அடி. சொவரு உன்னுது" என்றாள் அக்கா.

அம்மா ஓங்கி அடித்தாள். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. ஆணி இறங்கி நின்றது. அதில் எதை மாட்டுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இன்னொன்று அடித்தாள்.